கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என் பழைய எம்.ஜி.பி. காரிலிருந்து இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் சொல்லிவைத்தபடி பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்ஷன் போட்ட கதையைப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், இங்கிலாந்துத் தமிழர் வீட்டு கேரேஜுகளில் இவ்வளவு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் தூங்குகின்றனவா என்று வாய்பிளந்து போனேன். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். ஹைபிரிட் கார் வாங்கலாமா என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அப்பா 1969 மாடல் எம்.ஜி.பி. ஜி.டி. வைத்திருக்கிறார். அவருக்கு 76 வயது. காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து வண்டி கிளம்புவதற்குள் அவருக்கே மூச்சு வாங்குகிறது. சூடான பிறகும் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. இன்ஜெக்ஷன் போட்டால் சாவியைத் திருப்பியதும் கிளம்புமா அங்கிள்? (ஒரு வாசகி, லெஸ்டர்)

ப: கிளம்பும்மா. ஆனால் நீ சொல்கிற கோளாறில் பாதிக்குமேல் கார்புரேட்டரின் குற்றமாகவே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் ஒரு பைசா செலவழிக்கும் முன் ஒரு சனிக்கிழமையை மட்டும் செலவழி. வால்வ் கிளியரன்ஸ் 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கிறதா, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமமாக இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் கருகியிருக்கிறதா, வேக்குவம் அட்வான்ஸின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். அதெல்லாம் சரி என்றால்தான் கார்புரேட்டர் பக்கம் வர வேண்டும்.

எஸ்.யூ. உண்மையில் ரொம்ப எளிமையான சாமான். உள்ளே ஒரு பிஸ்டன், இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு மேலே எழும்பும், அதன் அடியில் தொங்கும் கூரான ஊசியும் கூடவே எழும்பி ஜெட்டைத் திறக்கும். சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள், முதலில் செய்தவற்றில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்! 50 வருடம் ஓடியதில் இதில் தேய்வது இரண்டு: ஊசியும் ஜெட்டும் ஒன்று, த்ராட்டில் பட்டாம்பூச்சி சுழலும் தண்டு இன்னொன்று. அந்தத் தண்டு ஆடினால் பக்கவாட்டில் காற்று உள்ளே போகும், கலவை லீனாகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), சிக்னலில் ஆஃப் ஆகும். அப்பாவின் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். இன்ஜின் ஓடும்போது தண்டின் ஓரத்தில் லேசாக கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல் (எக்ஸாஸ்ட் அதற்கு நேர் கீழே, சூடாக இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்). ஆர்.பி.எம். மாறினால் கள்ளன் பிடிபட்டான். புது தண்டும் புஷ்ஷும் போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தபிறகும் அப்பா திணறினால், அப்போது இன்ஜெக்ஷன் பற்றிப் பேசலாம். நோயாளி இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் மாட்டினால், அந்த நோயை லேப்டாப்பில் கோடு கோடாகப் பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

கே: புரோகிராமபிள் என்கிறீர்களே, அப்படி எதைத்தான் புரோகிராம் செய்கிறோம்? (ஸ்லவ்)

ப: ஒரு வாய்ப்பாட்டு அட்டையை. மேலே ஆர்.பி.எம்., பக்கத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள காற்றழுத்தம், நடுவில் 16க்கு 16 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும், இந்த வேகத்தில் இந்த அழுத்தத்தில் சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்று ஒரு எண். ஈ.சி.யூ., அதாவது இன்ஜெக்ஷனை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, அந்த எண்ணை எடுத்து, காற்றின் வெப்பநிலையையும் சேர்த்து, காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை எத்தனை மில்லிசெகண்ட் இன்ஜெக்டரைத் திறந்தால் கொடுக்கலாம் என்று முடிவுசெய்யும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.ஜி.பி. 1,798 சி.சி., நாலு சிலிண்டர், ஒன்றுக்கு 450 சி.சி. என்று வையுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, 80 சதவீதம் நிரம்பினால் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 0.43 கிராம். முழு மிதியில் 12.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைத்தால் 34 மில்லிகிராம். ஐடிலிங்கில் இதே சிலிண்டர் கேட்பது ஏழெட்டு மில்லிகிராம்தான். இந்த இரண்டு எல்லைக்கும் இடையே ஒரே இன்ஜெக்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அதனால்தான் "பெரிய இன்ஜெக்டரா வாங்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் நான் பதறுகிறேன்.

அட்டையில் எண்களை நிரப்புவதுதான் ட்யூனிங். அதற்கு எக்ஸாஸ்ட் புகையை முகர்ந்து கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார் வேண்டும், பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 மாதிரி ஒன்று. பழைய நேரோபேண்ட் சென்சாருக்கு ரிச் (பெட்ரோல் கூடுதல்), லீன் என்ற இரண்டு சொல்தான் தெரியும்; வைட்பேண்ட் எவ்வளவு ரிச் என்று சொல்லும். பெட்டியைப் பொறுத்தவரை புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்குவர்ட், கையால் சால்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அர்டுயினோ மேல் கட்டிய ஸ்பீடுயினோ, காசு இருந்தால் விலை கூடிய எத்தனையோ. எதை வாங்கினாலும் அட்டை காலியாகத்தான் வரும்.

கே: மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். 1972 எம்.ஜி.பி., இரண்டு இன்ஜெக்டர், போர்ட்டுக்கு ஒன்றாகப் போட்டேன். வைட்பேண்ட் அருமையாக 13 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று) காட்டுகிறது. ஆனால் பிளக்கைக் கழற்றினால் 1ம் 4ம் வெள்ளை, 2ம் 3ம் கறுப்பு. இழுவையும் இல்லை. ட்யூனிங் செய்த இடத்தில் "சென்சார் சரியாத்தானே காட்டுது சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். (கவன்ட்ரி)

ப: இந்த மாதத்தின் மிகச் சிறந்த கேள்வி இது, பதிலும் நீளம்.

சென்சார் பொய் சொல்லவில்லை, சராசரி சொல்கிறது. உங்கள் வண்டியில் இருக்கும் பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாலு சிலிண்டர், ஆனால் இன்டேக் போர்ட் இரண்டுதான். 1க்கும் 2க்கும் ஒரு வாசல், 3க்கும் 4க்கும் ஒரு வாசல். ஒட்டிப்பிறந்தவை என்பதால் இதற்கு சயாமீஸ் போர்ட் என்றே பெயர். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இதைச் சுற்றிச் சுற்றி எழுதிப் பாருங்கள்: 2 மூச்சிழுத்த உடனே 1 இழுக்கிறது, 3 இழுத்த உடனே 4 இழுக்கிறது, அதன்பின் அந்த வாசல் கிட்டத்தட்ட முழுச் சுற்று சும்மா கிடக்கிறது. கார்புரேட்டருக்கு இது பெரிய தொல்லை இல்லை, காற்று ஓடினால்தான் அதில் பெட்ரோல் வரும். இன்ஜெக்டர் அப்படியா? வால்வ் மூடியிருந்தாலும் அது பாட்டுக்குத் தெளிக்கும். சும்மா கிடக்கும் நேரத்தில் தெளித்ததெல்லாம் போர்ட்டில் தேங்கி நிற்கும், முதலில் கதவைத் திறக்கிற 2ம் 3ம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். பந்தியில் முதல் வரிசைக்கே பாயசம் தீர்ந்துபோன கதைதான், பின்னால் உட்கார்ந்த 1க்கும் 4க்கும் வெறும் இலை.

இப்போது எக்ஸாஸ்ட் பக்கம். அங்கே மூன்று வாசல்: 1க்குத் தனி, 4க்குத் தனி, 2ம் 3ம் சேர்ந்து நடுவில் ஒன்று. உங்கள் சென்சார் இவை மூன்றும் சேர்ந்த இடத்துக்குக் கீழே இருக்கும். மேலே 11ம் 15ம் ஓட, கீழே 13 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். லீனாக ஓடும் 1, 4 சிலிண்டர்களின் பிஸ்டனுக்கு இது ஆபத்து, தயவுசெய்து இனி முழுக்க மிதித்து ஓட்டாதீர்கள். நடுக் குழாயில் ஒரு சென்சார், ஓரக் குழாயில் ஒரு சென்சார் போட்டுப் பாருங்கள், இந்த இன்ஜினின் அமைப்பே அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றான பிறகுதான் அட்டையில் கை வைக்க வேண்டும்.

தீர்வு என்ன? ரோவர் இதே தலைவலியை மினியில் சந்தித்தது, அதன் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கும் இதே ஒட்டுவாசல். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் எடுத்தது சுலபமான வழி: கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரே இன்ஜெக்டர், மேனிஃபோல்டுக்கு முன்னாலேயே தெளித்துவிடும், கலவை போகிற வழியில் கலந்து பங்கு பிரிந்துகொள்ளும். 1996இல் வந்த எம்.பி.ஐ. மினியில் இரண்டு இன்ஜெக்டர், ஆனால் நேரம் பார்த்துத் தெளிப்பவை: 2க்கு வேண்டியதை 2 இழுக்கும்போதும் 1க்கு வேண்டியதை 1 இழுக்கும்போதும். மெகாஸ்குவர்ட்டில் சயாமீஸ் போர்ட்டுக்கென்றே இந்த வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு இன்ஜின் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரிய வேண்டும், கிராங்க் சென்சார் மட்டும் போதாது, கேம் வேகத்தில் சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தில் ஒரு சென்சார் வைத்தாக வேண்டும்.

அடுத்த சிக்கல் நேரம். 5,500 ஆர்.பி.எம்.மில் அரைச் சுற்றுக்குக் கிடைப்பது ஐந்தரை மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் மேலே சொன்ன 34 மில்லிகிராமும் போய்ச் சேர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 500 சி.சி. தரும் இன்ஜெக்டர் வேண்டும், அது திறக்க எடுத்துக்கொள்ளும் ஒரு மில்லிசெகண்டையும் சேர்த்தால் இன்னும் பெரியது. அதே இன்ஜெக்டர் ஐடிலிங்கில் ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் தெளிக்க முடியும், அங்கே அது தடுமாறும்.

என்னைக் கேட்டால், ரேஸ் ஓட்டாதவர் என்றால் ரோவர் முதலில் செய்த மாதிரி கார்புரேட்டர் இடத்தில் உட்காரும் ஒற்றை இன்ஜெக்டர் த்ராட்டில் பாடிக்குப் போய்விடுங்கள். என் வண்டியில் கடைசியில் நான் செய்ததும் அதுதான், இரண்டு இன்ஜெக்டருடன் ஒரு குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டிய பிறகு. தனித்தனி வாசல் வைத்த அலுமினிய ஹெட்டும் போடலாம், அது பர்ஸைப் பொறுத்த விஷயம்.

கே: எவ்வளவு குதிரைசக்தி கூடும்? (ஹாரோ)

ப: ஒழுங்காக ட்யூன் செய்த இரட்டை எஸ்.யூ.வோடு ஒப்பிட்டால், முழு மிதியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கூடாது. குளிரில் கிளம்புவது, பாதி மிதியில் தடங்கலில்லாமல் இழுப்பது, பெட்ரோல் மிச்சம், இவைதான் லாபம். குதிரை வேண்டுமென்றால் ஹெட்டுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் செலவழியுங்கள்.

கே: ரவுண்டபவுட்டில் திரும்பும்போதெல்லாம் என் இன்ஜெக்ஷன் எம்.ஜி.பி. இருமிவிட்டு நிற்கிறது. நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இருந்தால் மட்டும்தான் இப்படி. (மில்டன் கீன்ஸ்)

ப: அந்த ஊரில் இருந்துகொண்டு ரவுண்டபவுட்டில் நின்றால் பிழைப்பு எப்படி நடக்கும்! காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். வளைவில் பெட்ரோல் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் இது தெரியாது, ஏனென்றால் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் கொஞ்சம் கையிருப்பு இருந்தது. இன்ஜெக்ஷனில் கையிருப்பே கிடையாது, ஒரு நொடி காற்று வந்தால் அடுத்த நொடி இன்ஜின் இல்லை.

ஸ்வர்ல் பாட் என்று ஒரு சின்ன உருளை டப்பா. பழைய குறைந்த அழுத்த பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதன் அடியிலிருந்து புது பம்ப் இழுக்கும், இன்ஜெக்டரில் மிஞ்சியது திரும்ப அந்த டப்பாவுக்கே வரும், டப்பாவின் தலையிலிருந்து டேங்குக்கு ஒரு திரும்பு குழாய். எம்.ஜி.பி.யில் பிறவியில் திரும்பு குழாய் கிடையாது, புதிதாக இழுக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய எஸ்.யூ. பம்ப் தந்தது சுமார் 3 பி.எஸ்.ஐ., இப்போது குழாயில் ஓடுவது 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ.க்கு மேல். பழைய ரப்பர் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால் அன்று சொட்டியது, இன்று பீய்ச்சி அடிக்கும், அடிப்பதும் சூடான எக்ஸாஸ்ட் பக்கம்தான், ஏனென்றால் இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். போதாததற்கு 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. இன்ஜெக்ஷனுக்கான ஹோஸ், அதற்கான கிளிப், இடித்தால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச், இன்ஜின் சுற்றாவிட்டால் பம்ப்பை அணைக்கும்படி ஈ.சி.யூ. வழியாக ரிலே. இதில் சிக்கனம் பார்க்கிறவர்களோடு நான் பேசத் தயாரில்லை.

கே: எம்.ஜி.பி. இன்ஜினும் நம்ம அம்பாசடர் இன்ஜினும் ஒரே சாதி என்று எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். உண்மையா? அப்படியென்றால் அம்பாசடருக்கும் இதைச் செய்யலாமா? (மதுரை)

ப: மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் பி-சீரிஸ்தான். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே 1,489 சி.சி.தான், அதற்கு இரட்டை எஸ்.யூ. மாட்டி இங்கே கொண்டாடினார்கள், அங்கே அதே வம்சம் கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் உழைத்தது. பின்னால் வந்த 1,800 சி.சி. இசுசு இன்ஜின் வேறு குடும்பம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாசல் கதை அப்படியே பொருந்தும், அதனால் உங்களுக்கும் ஒற்றை இன்ஜெக்டர்தான். பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வருகிற இந்த நேரத்தில் லாம்ப்டா சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் ஈ.சி.யூ. நல்ல துணை, கார்புரேட்டர் ஜெட்டுக்கு எத்தனால் கலந்தது தெரியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

கே: டாட்சன் 240இசட், இரட்டை கார்புரேட்டர். என்ன செய்யலாம்? (மெல்பர்ன்)

ப: உங்களுக்கு அதிர்ஷ்டம். நிசானே இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது: 1975இல் அமெரிக்காவுக்குப் போன 280இசட்டில் அதே எல்-சீரிஸ் இன்ஜின், பாஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனோடு. அதன் மேனிஃபோல்டைத் தேடிப் பிடியுங்கள், உங்கள் ஹெட்டில் இன்ஜெக்டர் தெளிப்புக்கு வழிவிடச் சின்னதாக அரைக்க வேண்டியிருக்கும். பழைய எல்-ஜெட்ரானிக் மூளை மட்டும் வேண்டாம், புது ஈ.சி.யூ. போடுங்கள். ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனி வாசல். கவன்ட்ரிக்காரர் இதைப் படித்தால் பொறாமைப்படுவார்.

கே: என் ட்ரையம்ஃப் டி.ஆர்.6இல் பிறவியிலேயே லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். எல்லோரும் அதைப் பிடுங்கி எறி என்கிறார்கள். (நாட்டிங்ஹாம்)

ப: எல்லோரும் சொல்வார்கள், அவர்கள் வண்டியா? 1967இல் டி.ஆர்.5இல் வந்தபோது பிரிட்டிஷ் உற்பத்திக் காரில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அதுதான் முதல். அதன் கெட்ட பெயருக்குப் பெரும்பங்கு காரணம் பம்ப், வைப்பர் மோட்டாரிலிருந்து பிறந்த அது, வெயிலில் சூடேறி மூச்சை விட்டுவிடும். பாஷ் பம்ப் ஒன்றை மாட்டி, பெட்ரோலை அளந்து கொடுக்கும் மீட்டரிங் யூனிட்டைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்தால் நன்றாக ஓடும். எனக்கு அந்த வண்டி கிடைத்தால் நான் தொடமாட்டேன்.

கே: ஒயரிங் எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்தேன். 2,500 ஆர்.பி.எம். தாண்டினால் ஈ.சி.யூ. தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. பெட்டி கெட்டதா? (கார்டிஃப்)

ப: பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். நானே ஒருமுறை அப்படி அனுப்பி, "ஒரு கோளாறும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்து அசடு வழிந்திருக்கிறேன். என் வண்டியில் இருந்தது பழைய செம்புக் கம்பி பிளக் ஒயர், ரேடியோ ஸ்டேஷன் மாதிரி மின் இரைச்சலைப் பரப்பிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் ஒயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போடுங்கள். கிராங்கில் உள்ள, 36 பல்லுக்கான இடத்தில் ஒரு பல் இல்லாத சக்கரத்தின் சென்சார் ஒயருக்கு ஷீல்டு இருக்கட்டும், அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சென்சார்களின் எர்த் எல்லாம் ஈ.சி.யூ.வுக்கே வர வேண்டும், ஈ.சி.யூ.வின் எர்த் நேராக இன்ஜின் பிளாக்குக்கு. பாடியில் கிடைத்த திருகிலெல்லாம் எர்த் மாட்டினால் இப்படித்தான்.

இதைப் படிக்கும் 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.க்காரர்களுக்கு: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில்), டைனமோ. முதலில் நெகட்டிவ் எர்த்தும் ஆல்டர்னேட்டரும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கே: எம்.ஓ.டி., இன்சூரன்ஸ்? (வெம்பிளி)

ப: 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. (இங்கே வருடா வருடம் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயம் இல்லை, வண்டியைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். இன்ஜின் விஷயத்தில் அந்த விதி பார்ப்பது இன்ஜினையே மாற்றினீர்களா, சிலிண்டர் எண்ணிக்கை மாறியதா என்பதைத்தான். இன்சூரன்ஸ்காரரிடம் மட்டும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கே: கழற்றிய எஸ்.யூ. கார்புரேட்டரை ஈபேயில் விற்கலாமா? (லெஸ்டர், இது அந்த வாசகியின் அப்பா!)

ப: ஐயா, மகள் கடிதம் போட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியவில்லை, தெரியாவிட்டால் மன்னிக்கவும். விற்காதீர்கள். நாளைக்கு வண்டியை வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான், உங்களுக்கே மனசு மாறினாலும் ஒரு நாள் வேலையில் திரும்ப மாட்டிவிடலாம், பழைய ஒயரிங்கை வெட்டாமல் இருந்தால். கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கொட்டி, பிஸ்டனை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஊசியில் பொறித்திருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, பெட்டியின் மேல் வண்டி நம்பரை மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுங்கள். என் கேரேஜில் இரண்டு ஜோடி கிடக்கிறது, எது எந்த வண்டியுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.